ப்யூகிள் ஹார்ன்: ஒரு கூட்டுச்சொல்லோட வேரைத் தோண்டிப் பாக்குறது எப்படி

பழைய இங்கிலீஷ் கவிஞர் சாசரோட கேன்டர்பரி கதைகள்ல ஃப்ராங்க்ளின் சொல்ற கதைன்னு ஒண்ணு வரும். அதுல டிசம்பர் குளிரைச் சொல்ற இடத்துல, ரெட்டைத் தாடி வச்ச ரோமானியக் கடவுள் ஜேனஸ் நெருப்புப் பக்கத்துல உக்காந்துகிட்டு தன்னோட ப்யூகிள் ஹார்ன்ல இருந்து வைன் குடிக்கிறாரு, முன்னால காட்டுப்பன்னிக் கறி வச்சிருக்கு. நான் மொதல்ல படிச்ச பதிப்புல அந்த வார்த்தைக்கு ஓரத்துல "ராணுவ ஊதுகுழல்"னு ஒரு குறிப்பு போட்டிருந்தாங்க, அவ்வளவுதான். ராணுவத்துல காலைல எழுப்பி விட ஊதுற பித்தளைக் குழாயில யாராவது வைன் ஊத்திக் குடிப்பாங்களா? அந்தக் குறிப்பு அந்த வரியையே கெடுத்துடுச்சுன்னு எனக்கு ரொம்ப நாள் வருத்தம். ஒரு வார்த்தையோட வரலாறு தெரியாம அர்த்தம் போட்டா இப்படித்தான் ஆகும், இதை எப்படி சரியா தேடணும்னு இந்த ஒரு வார்த்தையை வச்சே காட்டுறேன், வேற எந்த இங்கிலீஷ் கூட்டுச்சொல்லுக்கும் இதே வழி வேலை செய்யும்.

மொத விஷயம், டிக்ஷனரியை தொறக்குறதுக்கு முன்னாடி பழைய வாக்கியம் ஒண்ணாவது கையில வச்சுக்கோங்க. வாக்கியம் இல்லாம வெறும் வார்த்தையை மட்டும் வச்சு தேடினா டிக்ஷனரி சொல்ற மொத அர்த்தத்தையே பிடிச்சுகிட்டு நின்னுடுவோம். சாசர் வரியில அந்தப் பொருள் என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க, ஊதுறது இல்ல, குடிக்கிறது. ஆக அது உள்ள வெத்தா இருக்கிற, ஒரு பக்கம் அடைச்ச, திரவம் நிக்கிற ஏதோ ஒண்ணு. இதை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, கடைசியில நீங்க கண்டுபிடிக்கிற வேர் இந்த வரிக்கு பொருந்தலன்னா எங்கயோ தப்பு பண்ணிட்டீங்கன்னு அர்த்தம்.

அடுத்து வார்த்தையை ரெண்டா பிரிங்க. இங்கிலீஷ் கூட்டுச்சொல்லுல பொதுவா பின்னாடி இருக்கிறதுதான் தலை, முன்னாடி இருக்கிறது அது என்ன மாதிரின்னு சொல்றது. ப்யூகிள் ஹார்ன்ல தலை ஹார்ன், அதாவது கொம்பு. தமிழ்லயும் கொம்புன்னா மாட்டு தலையில இருக்கிறதும் கொம்புதான், ஊதுறதும் கொம்புதான், அதனால நமக்கு இது புரியறதுல கஷ்டமே இல்ல. கேள்வியெல்லாம் முன்னாடி இருக்கிற பாதியிலதான். அந்த முன்பாதி பல வேலை செய்யும். ஹன்டிங் ஹார்ன்ல அது எதுக்குன்னு சொல்லுது, வேட்டைக்கு. பவுடர் ஹார்ன், இங்க் ஹார்ன் ரெண்டுலயும் உள்ள என்ன இருக்குன்னு சொல்லுது, வெடிமருந்து, மை. ஷூஹார்ன்ல எந்தப் பொருளுக்காகன்னு சொல்லுது, இன்னிக்கு அது பிளாஸ்டிக்லயும் இரும்புலயும் வந்தாலும் பேர்ல கொம்பு அப்படியே உக்காந்திருக்கு. ஜெர்மன்ல வால்ட்ஹார்ன்னா காட்டுக் கொம்பு, அங்க முன்பாதி இடத்தை சொல்லுது. ஆக ப்யூகிள்ங்கிறது வேலையா, உள்ள இருக்கிறதா, இடமா, இல்ல எதுல இருந்து எடுத்ததுங்கிறதா? இந்தக் கேள்வியை கேக்காம விட்டவங்கதான் "ப்யூகிள்ங்கிற வாத்தியம், அதுக்குப் பின்னாடி ஹார்ன்னு சேர்த்துட்டாங்க"ன்னு சொல்லிடுறாங்க. அது தலைகீழ், ஏன்னு பின்னாடி வரும்.

ரெண்டா பிரியுற மாதிரி தெரியுற எல்லாமே நிஜமா கூட்டுச்சொல் இல்லைங்கிறதையும் இங்கயே சொல்லிடணும். லேன்டர்ன், அதான் கைவிளக்கு, அதை பழைய இங்கிலீஷ் புத்தகங்கள்ல லேன்ட்ஹார்ன்னு எழுதியிருப்பாங்க, பாத்தா அப்படியே ஹார்ன் சேர்ந்த கூட்டுச்சொல் மாதிரியே இருக்கும். ஆனா அது லத்தீன் லன்டெர்னால இருந்து, அதுக்கும் பின்னாடி கிரேக்கத்துல இருந்து வந்தது, ஹார்னுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்தக் காலத்துல விளக்கோட பக்கத்துக்கு கண்ணாடிக்குப் பதிலா மெல்லிசா சீவின கொம்புத் தகடு வைப்பாங்க, அதைப் பாத்துப் பழகின ஜனங்க வார்த்தைக்குள்ளயும் கொம்பை செருகிட்டாங்க. அதனால பிரிக்கிறப்போ, அந்த வார்த்தையோட ரொம்ப பழைய எழுத்து வடிவத்துலயும் ரெண்டு பாதியும் இருக்கான்னு பாத்துட்டுதான் நம்பணும். ப்யூகிள் ஹார்ன் இந்த சோதனையில பாஸ், 1300 வாக்குல மொத தடவை எழுத்துல தெரியுறப்பவே ரெண்டு பாதியும் முழுசா இருக்கு.

இப்பதான் டிக்ஷனரி. சாதாரண டிக்ஷனரி இதுக்கு பத்தாது, அதுல இப்ப புழங்குற அர்த்தம் மொதல்ல வரும், பழசு கடைசியில வரும், இல்ல வராமலே போகும். வரலாற்று முறையில தொகுத்த டிக்ஷனரி வேணும், அதுல எது முந்தி வந்துச்சோ அதுதான் முந்தி இருக்கும், ஒவ்வொரு அர்த்தத்துக்கும் கீழ வருஷத்தோட மேற்கோள் வரிசையா இருக்கும். ஆக்ஸ்ஃபோர்ட் இங்கிலீஷ் டிக்ஷனரி அப்படித்தான், 1884ல மொத பகுதி வெளிவந்து 1928லதான் முழுசா முடிஞ்சது. 1500க்கு முந்தின வார்த்தைக்கு மிச்சிகன் யூனிவர்சிட்டி தொகுத்த மிடில் இங்கிலீஷ் (சாசர் காலத்து இங்கிலீஷ்) டிக்ஷனரி ரொம்ப நல்லது, இன்டர்நெட்ல இலவசமாவே தேடலாம். தேடுறப்போ ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, அந்தக் காலத்துல ஸ்பெல்லிங் ஒரு நிலையில இல்ல, ஒரே ஆளே ஒரே பக்கத்துல ரெண்டு விதமா எழுதுவாரு, அதனால கடைசி எழுத்தை விட்டும் சேத்தும், உயிரெழுத்தை மாத்தியும் போட்டுப் பாருங்க.

எல்லாரும் தடுக்கி விழுற இடம் அடுத்தது. ப்யூகிள்னு தேடினா ஒரே ஸ்பெல்லிங்ல மூணு தனித்தனி வார்த்தை வரும், தலைச்சொல்லுக்குப் பக்கத்துல சின்னதா ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டிருப்பாங்க. ஒண்ணு நம்ம கொம்பு. இன்னொண்ணு நீலப் பூ பூக்குற ஒரு சின்ன செடி, அது பிற்கால லத்தீன் பூகுலால இருந்து வந்தது. மூணாவது டிரெஸ்ல தைக்கிற நீளமான குழாய் மாதிரி கண்ணாடி மணி, 1500களோட கடைசியில தெரியுது. குழாய் மாதிரி இருக்கிறதால அந்த மணிக்கு ஊதுகுழல் பேரை வச்சிருப்பாங்கன்னு உடனே தோணும், கேக்க அழகாவும் இருக்கும், ஆனா அதுக்கு சாட்சி கிடையாது. உருவம் ஒத்துப் போகுதுங்கிறதுக்காக ரெண்டு வார்த்தையை முடிச்சுப் போடக்கூடாது. அந்த நம்பரை மதிங்க, டிக்ஷனரி தொகுத்தவங்க வருஷக்கணக்கா உக்காந்து பிரிச்சு வச்சதை நாம ஒரு நிமிஷத்துல ஒட்ட வேண்டாம்.

சரி, நம்ம ப்யூகிளுக்குள்ள போனா என்ன இருக்கு? காட்டெருது! எருமை, காட்டு மாடு, அந்த மாதிரி பெரிய கொம்பு மாடு. மிடில் இங்கிலீஷ்ல ப்யூகிள்னா ஒரு மிருகம். ஆக ப்யூகிள் ஹார்ன்னா காட்டெருதுக் கொம்பு, மாட்டுக் கொம்பு, ஆட்டுக் கொம்புன்னு சொல்ற மாதிரி அவ்வளவு சாதாரணமான பேரு. முன்பாதி சொல்றது எதுல இருந்து எடுத்ததுங்கிறதை. இப்ப அந்த சாசர் வரிக்குத் திரும்பப் போங்க, ஜேனஸ் காட்டெருதுக் கொம்புல வைன் ஊத்திக் குடிக்கிறாரு, வரி எப்படி கண்ணு முன்னாடி வந்து நிக்குது பாருங்க. கொம்பை வெட்டாம வச்சா அதுல குடிக்கலாம், நுனியை வெட்டினா ஊதலாம், பொருள் ஒண்ணுதான். மாட்டுக் கொம்போட வெளிக்கூடு கெரட்டின், நம்ம நகம் இருக்கே அதே சமாச்சாரம், உள்ள எலும்பு இருக்கும், ஊற வச்சோ வேக வச்சோ அந்த எலும்பை உருவிட்டா உள்ள வெத்தாயிடும், நுனி மட்டும் கெட்டியா இருக்கும். அந்தக் கெட்டி நுனியை அறுத்து துளை போட்டு உதட்டை வச்சு ஊதினா காட்டுக்குள்ள தூரத்துல இருக்கிற வேட்டைக்காரனுக்கும் நாய்க்கும் கேக்கும். ஒரே பேரு குடிக்கிறதுக்கும் ஊதுறதுக்கும் எப்படி வந்துச்சுங்கிறதுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டியதில்ல.

ஆனா டிக்ஷனரி சொல்லிடுச்சுன்னு அதோட நிக்காதீங்க, கூட்டுச்சொல்லுக்கு வெளியில, தனியா, அந்த முன்பாதி அந்த அர்த்தத்துல நிஜமா புழங்குச்சான்னு ஒரு சாட்சி தேடுங்க. இதுக்கு பழைய பைபிள் மொழிபெயர்ப்பு மாதிரி உதவுறது வேற எதுவும் இல்லன்னு நான் சொல்லுவேன், ஏன்னா ஒரே வசனத்தை பல காலத்துல பல பேர் மொழிபெயர்த்திருக்காங்க, பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா எந்த வார்த்தை எப்ப போச்சுன்னு தெரிஞ்சிடும். 1 ராஜாக்கள் 4:23ஐ எடுங்க, சாலொமோன் அரண்மனைக்கு ஒரு நாளைக்கு என்னென்ன கறி போச்சுன்னு ஒரு பட்டியல். 1560ல வந்த ஜெனீவா பைபிள்ல அந்தப் பட்டியல்ல மானுக்குப் பக்கத்துல ப்யூகிள்ஸ்னு வரும், பன்மையில. ஊதுகுழலை யாரும் சமைக்க மாட்டாங்க இல்லையா, அங்க அது மிருகம்தான்னு சந்தேகமே இல்லாம தெரியுது. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல அதே இடத்துல வேற மான் பேரைப் போட்டுட்டாங்க, ப்யூகிள் இல்ல. இந்த ஒரு வசனத்தை ரெண்டு பதிப்புலயும் வச்சுப் பாத்த அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை சொல்லி மாளாது, டிக்ஷனரியில ஒரு வரியா இருந்தது உயிரோட மேய்ஞ்சுகிட்டு இருந்த மாதிரி ஆயிடுச்சு.

இன்னும் பின்னாடி போகலாம். இங்கிலீஷுக்கு ப்யூகிள் பழைய ஃப்ரெஞ்ச்ல இருந்து வந்துச்சு, அங்கயும் மாடுங்கிற அர்த்தமும் கொம்புங்கிற அர்த்தமும் ரெண்டும் இருந்துச்சு. ஃப்ரெஞ்சுக்கு அது லத்தீன் பூகுலுஸ்ல இருந்து, அதாவது இளங்காளை. போஸ்னா லத்தீன்ல மாடு, அதோட சின்னதுங்கிறதை காட்டுற குலுஸ்ங்கிற விகுதி சேர்ந்தது. இந்த குலுஸை வேற இடத்துலயும் பாத்திருப்பீங்க, லத்தீன்ல மூஸ்னா எலி, முஸ்குலுஸ்னா குட்டி எலி, அதுதான் இங்கிலீஷ்ல மஸில், தோலுக்கடியில எலி ஓடுற மாதிரி இருக்கிறதால.

இப்படி ஒரு வேர் சொல்றப்போ ஒலியும் ஒழுங்கா மாறியிருக்கான்னு சோதிக்கணும், இதை நிறைய பேர் விட்டுடுறாங்க. பூகுலுஸ்ல நடுவுல இருக்கிற உயிர் விழுந்து, லத்தீன்ல வல்லினமா ஒலிச்ச க அங்க ஃப்ரெஞ்ச்ல மெலிஞ்சு போச்சுன்னு சொல்றோம். அப்படி வேற வார்த்தையிலயும் நடந்திருக்கா? நடந்திருக்கு, லத்தீன் அக்விலா, கழுகு, ஃப்ரெஞ்ச்ல எய்கிள் ஆகி இங்கிலீஷ்ல ஈகிள் ஆச்சு. லத்தீன்ல ஒல்லிங்கிறதுக்கு இருந்த வார்த்தை ஃப்ரெஞ்ச் வழியா மீகர் ஆச்சு, அங்கயும் அதே மெலியுற கதைதான். ஒரு வார்த்தைக்கு மட்டும் தனி சட்டம் போட்டா அது கற்பனை, அதே மாற்றம் நாலு வார்த்தையில வரிசையா வந்தாத்தான் நம்பலாம். கூடவே ஃப்ரெஞ்ச்ல ப்யூக்லேன்னு ஒரு வினைச்சொல் இருக்கு, மாடு கத்துறது, அதுவும் இந்த ப்யூகிள்ல இருந்து வந்ததுதான். பெயர்ச்சொல் செத்துப் போன இடத்துல வினைச்சொல் தாக்குப் பிடிச்சு நிக்குறது அடிக்கடி நடக்கும், அதனால வினையையும் தேடிப் பாக்குறதை பழக்கமாக்கிக்கோங்க.

பின்பாதி ஹார்னை பத்தி ரொம்ப தேட வேண்டியதில்ல, அது ஃப்ரெஞ்ச் வழியா வரல, இங்கிலீஷோட சொந்த ஜெர்மானிய வார்த்தை, ஜெர்மன்லயும் ஹார்ன்தான். லத்தீன்ல இதோட ஒண்ணுவிட்ட சொந்தம் கோர்னூ, யூனிகார்ன்ல, கேப்ரிகார்ன்ல வர்றது அதுதான். லத்தீன் க இருக்கிற இடத்துல இங்கிலீஷ்ல ஹ வரும்ங்கிறதை ஜெர்மன் மொழி ஆராய்ச்சியாளர் ஜேகப் கிரிம் 1822ல முறைப்படுத்தி எழுதினாரு, கென்டும் (நூறு) பக்கத்துல ஹன்ட்ரட், கானிஸ் (நாய்) பக்கத்துல ஹவுன்ட், அதே வரிசையில கோர்னூ பக்கத்துல ஹார்ன். இதுல ஒரு அழகு இருக்கு, ப்யூகிளுக்குள்ள இருக்கிற போஸும் இங்கிலீஷோட கவ்வும் கூட ஒரே பழைய வேர்ல இருந்து பிரிஞ்சவைதான், சமஸ்கிருதத்துல கோன்னு சொல்றதும் அதே குடும்பம். ஆக கவ் ஹார்ன்னு சொன்னாலும் ப்யூகிள் ஹார்ன்னு சொன்னாலும் அடி வேர்ல ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கூட்டுச்சொல், ஒண்ணு வீட்டு வழியா வந்தது, இன்னொண்ணு ரோம், ஃப்ரான்ஸ்னு சுத்திட்டு வந்தது. பீஃப், பட்டர், ப்யூகாலிக் (மேய்ச்சல் வாழ்க்கை சம்பந்தப்பட்டது), புலிமியா (அடங்காத பசி நோய்) எல்லாத்துக்குள்ளயும் அதே மாடு நின்னுகிட்டு இருக்கு.

வேர் கிடைச்சுடுச்சுன்னு மூடி வச்சுடாதீங்க, திரும்ப முன்னாடி நடந்து வரணும், அந்தக் கூட்டுச்சொல்லுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு. நான் முதல்லயே தலைகீழ்னு சொன்னேனே, அது இங்கதான் தெரியும். வருஷத்தை வரிசையா எழுதுங்க: 1300 வாக்குல ப்யூகிள் ஹார்ன் இருக்கு, 1300களோட நடுவுல வெறும் ப்யூகிள்னாலே ஊதுற கொம்புன்னு ஆயிடுது. தலையா இருந்த ஹார்ன் விழுந்துடுச்சு, அடைமொழியா இருந்த மாடு முழுப் பொருளோட பேரையும் எடுத்துகிட்டுச்சு. மொபைல் ஃபோனை மொபைல்னு மட்டும் சொல்றோமே, அதே மாதிரி சுருக்கம். ஷேக்ஸ்பியரோட மச் அடோ அபௌட் நத்திங்ல பெனடிக் என் ப்யூகிளை கண்ணுக்குத் தெரியாத வார்ல மாட்டிக்கணுமான்னு கேப்பான், அங்க ஹார்ன்னு சொல்லவே இல்ல, ஆனாலும் பொண்டாட்டி ஏமாத்துற புருஷனுக்கு நெத்தியில கொம்பு முளைக்கும்ங்கிற அந்தக் காலத்து கேலி அதுக்குள்ள இருக்கு, கேக்குறவங்களுக்கு ப்யூகிள்னாலே கொம்புன்னு தெரிஞ்சாத்தான் அந்தப் பேச்சு எடுபடும். அப்புறம் மிருகத்தோட பேரு பொதுப் பேச்சுல இருந்து மங்கிப் போச்சு, சில வட்டார வழக்குல மட்டும் இளங்காளைன்னு கொஞ்ச காலம் நின்னுச்சு. கொம்புக்குப் பதிலா உலோகம் வந்துச்சு. 1842ல வந்த கவிஞர் டென்னிசனோட லாக்ஸ்லி ஹால்ங்கிற கவிதையில ப்யூகிள் ஹார்ன்னு முழுசா எழுதுறாரு, ஆனா அந்தக் காலத்து வாசகருக்கு அதுல எருது கேட்டிருக்காது, பழைய வாசனை உள்ள ஒரு ஊதுகுழல்தான் கேட்டிருக்கும். அவங்களுக்கு அது ஒரே பொருளை ரெண்டு தடவை சொல்ற மாதிரி இருந்திருக்கும், சாசர் படிச்சவங்களுக்கு அப்படி இல்ல. ஒரே ரெண்டு சொல்லு, நடுவுல நாலரை நூறு வருஷம், அர்த்தம் கட்டின விதமே வேற. அதனால யாராவது இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கேட்டா எந்த வருஷத்துலன்னு திருப்பிக் கேக்கத் தயங்காதீங்க.

ஒரு மிருகத்தோட பேரு அது தந்த ஊதுகொம்புக்கு வர்றது நடக்கக்கூடியதுதானான்னு வேற மொழியில தேடிப் பாக்குறது கடைசி சோதனை, நான் இதை எப்பவும் பண்ணுவேன். ரோலண்ட்ங்கிற வீரனைப் பத்தின பழைய ஃப்ரெஞ்ச் காவியமான ரோலண்ட் பாட்டுல அவன் சாகுறதுக்கு முன்னாடி ஊதுற கொம்புக்குப் பேரு ஒலிஃபான், பழைய ஃப்ரெஞ்ச்ல அது யானைதான், தந்தத்துல செஞ்ச கொம்புங்கிறதால யானைப் பேரே அதுக்கு வந்துடுச்சு, இங்கிலீஷ்ல ஆலிஃபன்ட்னு இன்னிக்கும் அந்த வகை கொம்பை சொல்றாங்க. எபிரேயத்துல யோபேல்னா ஆட்டுக்கடா, அப்புறம் கடாவோட கொம்பு, அதை ஊதி ஆரம்பிக்கிற அம்பதாவது வருஷத்துக்கும் அதே பேரு, அதுல இருந்துதான் ஜூபிலி. யானை, ஆட்டுக்கடா, காட்டெருது, மூணு மொழியில மூணு மிருகமும் ஒரே பாதையில நடந்திருக்கு. இப்படி ஜோடி கிடைச்சா நம்ம முடிவு நல்ல பலமாயிடும்.

எழுதி வைக்கிறப்போ ஒரு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. 1300ல இந்த வார்த்தை பிறந்துச்சுன்னு எழுதாதீங்க, அது நமக்குக் கிடைச்ச எழுத்துல மொத தடவை தெரியுற காலம், ஜனங்க வாயில அதுக்கு முன்னாடியே இருந்திருக்கும்.

பழகிப் பாக்க ஒரு வார்த்தை தர்றேன், ஃப்ளூகல்ஹார்ன், ட்ரம்பெட் மாதிரி ஒரு பித்தளை வாத்தியம். பின்பாதி உங்களுக்கு இப்ப தெரியும். முன்பாதி ஜெர்மன் வார்த்தை, றெக்கைன்னு அர்த்தம், ஆனா வேட்டையிலயும் படையிலயும் ஆளுங்க நிக்குற பக்கவாட்டு அணிக்கும் அதே வார்த்தைதான், எந்த றெக்கைன்னு வருஷத்தை வச்சு நீங்களே பிடிங்க. தேடிகிட்டே போறப்போ இன்னிக்கு ஃப்ரெஞ்சுக்காரங்க அந்த வாத்தியத்தை என்னன்னு கூப்பிடுறாங்கன்னும் பாருங்க: ப்யூகிள்னுதான் எழுதுவாங்க, தங்களோட பழைய வார்த்தையை தொலைச்சுட்டு 1800கள்ல இங்கிலீஷ்ல இருந்தே திரும்ப வாங்கிகிட்டாங்க.